கல்லாவை விட்டு எழுந்திருப்போம்!



வரி, லைசென்ஸ், கடை வாடகை, ஆன்லைன் வியாபாரத்தின் போட்டி என்று எத்தனையோ பிரச்சினைகளை இந்தப் பக்கங்களில் நாம் பேசி வருகிறோம். அநேகமாக எல்லாக் கடைகளிலும் இருக்கிற, ஆனால் எந்தக் கூட்டத்திலும் தீர்மானமாக வராத ஒரு பிரச்சினையைப் பற்றி இன்று எழுதுகிறேன். அதுதான் நம்முடைய இடுப்பு வலி.

நான் இலுப்பூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தவன். காலை 7 மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். பிறகு மறுபடியும் இரவு 9 மணி வரை அதே நாற்காலி. சரக்கு எடுத்துப் போட ஆள் உண்டு. டீ கல்லாவுக்கே வந்துவிடும். மாதிரிக்கு வந்த முந்திரியும் பொரிகடலையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் வண்டிதான். கல்யாணத்தின்போது 62 கிலோ இருந்த நான் எப்போது 91 கிலோ ஆனேன் என்பது எனக்கே தெரியாது. தராசில் 10 கிராம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற நமக்கு, சொந்த உடம்பில் 29 கிலோ கூடியது தெரியாமல் போனதை என்னவென்று சொல்வது!

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து லோடு வந்து நின்றது. கீழே விழுந்த பற்று வரவு நோட்டை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் படுக்க வைத்தார்கள். லோடு இறக்கிக்கொண்டிருந்தவர், "என்ன முதலாளி, மூட்டை தூக்குற எனக்கு வராத வலி, நோட்டை எடுத்த உங்களுக்கு வந்துருச்சே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "அசையாமல் படுத்திருங்கள், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது." மூன்று வாரம் படுத்தேன். இடுப்புக்குப் பெல்ட்டும் வாங்கிக் கட்டினேன். தீபாவளி வியாபாரம் கையை விட்டுப் போனது, வெளியில் நின்ற பாக்கியும் வசூலாகவில்லை. வலியாவது போயிற்றா என்றால் அதுவும் இல்லை. எழுந்து நின்றால் கால் நடுங்கியது. கடைசியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்தான், "ஐயா, உங்கள் முதுகெலும்பில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. படுத்தது போதும். நாளைக் காலையில் பத்து நிமிடம் நடங்கள்" என்றார். வலியோடு எப்படி நடப்பது என்று அவரிடம் சண்டை போடாத குறைதான். ஆனாலும் நடந்தேன்.

அந்தப் பெண் சொன்னது புதிய விஷயம் அல்ல. பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில், திடீரென இடுப்பு பிடித்துக்கொண்ட நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்து, 1995-லேயே முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு இடுப்புக்கான பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினரிடம், வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் குணமானவர்கள் இந்த மூன்றாவது பிரிவினர்தான். இதற்கு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் நாம் ஒருவருக்கொருவர் "படுத்துக் கிட" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் எடைக்கும் இந்த வலிக்கும் என்ன சம்பந்தம்? தராசை நினைத்துப் பாருங்கள். முன்தட்டில் தொப்பை என்கிற பாரம் ஏற ஏற, நம்மை நிமிர்த்தி நிறுத்த முதுகுத் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவனுக்கு அந்தத் தசையும் வலுவிழந்து கிடக்கிறது. 2020-ல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குப் பெரிய காரணங்களாக அவர்கள் சொல்பவை மூன்று: வேலை செய்யும் விதம், புகைபிடித்தல், அதிக எடை. மூன்றும் நம் கடைவீதியில் இருப்பவைதானே! இந்தியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர், அதற்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. இன்று இரவே கடை டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "முதலில் எடையைக் குறைத்துக்கொள்கிறேன், பிறகு நடக்கிறேன்" என்று காத்திருப்பது தவறு. எடை குறைவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குக் குறையாமலே போகலாம். நடையின் பலன் அதற்குக் காத்திருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு, படிப்படியாகக் கூட்டி வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வரை நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பிவிட்டது. நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாள் ஆனது. வலியே வராது என்று இதற்கு அர்த்தமில்லை, வலிக்கும் வலிக்கும் இடையே கிடைக்கிற நல்ல நாட்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. வியாபாரிக்கு இது பெரிய லாபம் இல்லையா?

உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்திருக்கிறது. நாம் ஆசையாக வாங்கிக் கட்டும் இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் வைத்தியத்தையும் வழக்கமான சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்கிறது. என் பெல்ட் இப்போது கிடங்கில் ஆணியில் தொங்குகிறது.

"நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பொட்டலம் போடுகிறேனே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்று சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். இல்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் திரும்பி, அவசரத்தில் செய்கிற வேலை உடம்பைத் தேய்க்கும். கை வீசி, மூச்சு விட்டு, நிமிர்ந்து நடப்பதுதான் உடம்பை வளர்க்கும். "கடையை யார் பார்ப்பது?" என்பது அடுத்த கேள்வி. நான் மூன்று வாரம் படுத்திருந்தபோது யார் பார்த்தார்கள்? தினம் அரை மணி நேரம் கொடுக்காதவன் ஒரு நாள் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி நம்மை நம்பி வேலை செய்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். உட்கார்ந்தே இருந்து நாம் கெட்டோம். நின்றே இருந்து நம் கடைப் பிள்ளைகள் கெடுகிறார்கள். 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் நம் மாநில அரசு 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வேலையாட்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று விதித்தது. கேரளத்தில் இது 2018-லேயே வந்தது. நம் கடைகளில் எத்தனையில் ஸ்டூல் இருக்கிறது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அந்த லோடுமேன், இரண்டு வருடம் கழித்து அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கடையைப் பார்க்க மகன் இருந்தான், அவருக்குக் கூலியைத் தவிர வேறு இல்லை. 100 கிலோ சீனி மூட்டையை ஒரே ஆளின் முதுகில் ஏற்றிய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருந்தது. 2022 ஜூலை 18-ல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டவுடன், 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வர எத்தனை நாள் ஆயிற்று? ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டத் தெரிந்த வணிகச் சமுதாயத்துக்கு, மூட்டையின் எடையைக் குறைத்து ஒரு மனிதனின் முதுகைக் காப்பாற்றத் தெரியாதா?

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, உறுப்பினர்கள் வாரம் ஐந்து நாள் காலையில் சேர்ந்து நடப்போம். தனியாக நடப்பவன் மழையைச் சாக்குச் சொல்லி நின்றுவிடுவான். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கேயும் ஒரு நாள் குடும்பத்தோடு போய் வரலாம். இரண்டாவது, ஒவ்வொரு கடையிலும் ஆட்களுக்கு ஸ்டூல், கிடங்கில் ஒரு தள்ளுவண்டி, கனமான சரக்கு இடுப்பு உயரத் தட்டில். மூன்றாவது, 50 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையை ஒரே ஆள் தூக்கக் கூடாது என்று நாமே ஒரு தீர்மானம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கால் மரத்துப்போய் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, கீழே விழுந்து வந்த வலி என்றாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, நடையில் சரியாகிவிடும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நான் இன்று காலை 5.30 மணிக்கு விராலிமலை சாலையில் நடப்பவன். எடை 84 கிலோவுக்குத்தான் இறங்கியிருக்கிறது, இன்னும் அதிகம்தான். ஆனால் நோட்டு கீழே விழுந்தால் நானே குனிந்து எடுக்கிறேன். போன தீபாவளி நெருக்கடியில் ஒரு மாதம் நடையை விட்டேன், வலி வந்து கதவைத் தட்டியது. மறுபடி நடந்தேன், போய்விட்டது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். வருடக் கடைசியில் ஸ்டாக் எடுக்கிறோமே, அந்தக் கணக்கில் நம் உடம்பையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வோம். நாளைக் காலை, கடை திறப்பதற்கு முன், பத்தே நிமிடம் நடந்து பாருங்கள்.