திதி தெரியாதவர்களுக்கு ஒரு நாள்

போன வியாழக்கிழமை இரவு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து அழைப்பு வந்தது. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த நேரத்தில் அழைத்தால் பெரும்பாலும் பணம் கேட்கத்தான். அன்றைக்கு அவள் கேட்டது வேறு.

"அப்பா, நம்ம குடும்பத்துல சயாமுக்குப் போய்த் திரும்பி வராதவர் ஒருத்தர் இருந்தாருன்னு பாட்டி சொல்வாங்கல்ல? அவர் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. "எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

வரும் மார்ச் 21 அன்று அவளும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறிய நினைவுக்கூட்டம் நடத்தப் போகிறார்களாம். இனவெறியாலும் இனப்படுகொலையாலும் உயிரிழந்தவர்களை நினைவுகூரும் மாலை. வருகிற ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் கொண்டுவர வேண்டும். அதை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "படிக்கப் போன இடத்துல இதெல்லாம் எதுக்கும்மா? பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு."

"படிக்கிற இடத்துலதாம்பா இதைப் பேசணும்" என்றாள். பிறகு, "பேரைக் கேட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

படிக்கிற இடத்தில் ஏன் பேச வேண்டும்? இந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். எனக்குக் கிடைத்த பதிலை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தத் தேதி. 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் நகரில் கறுப்பின மக்கள் ஒரு காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். சொந்த மண்ணில் நடமாடுவதற்கே அவர்கள் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றது நிறவெறி அரசின் சட்டம். அதை எதிர்த்துத்தான் கூடினார்கள். காவலர்கள் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. அதாவது, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். 1966இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான அனைத்துலக நாளாக அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் இன்று அது மனித உரிமை நாள், பொது விடுமுறை. நெல்சன் மண்டேலா 1996 டிசம்பரில் புதிய அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்திடத் தேர்ந்தெடுத்த இடமும் ஷார்ப்வில்தான்.

இதில் பல்கலைக்கழகம் எங்கே வருகிறது? ஷார்ப்வில் சம்பவத்துக்கு முந்தைய ஆண்டு, 1959இல், அந்த அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்திருந்தது. கறுப்பின மாணவர்களும் இந்திய மாணவர்களும் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் சேர முடியாதபடி தடுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரி ஏற்படுத்தியது. 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். அது பழைய கடற்படைக் குடியிருப்பு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். நம் தாத்தாக்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது போலவே கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். இனவெறி துப்பாக்கியோடு வருவதற்கு முன்பே மாணவர் சேர்க்கைப் படிவத்தோடு வந்துவிட்டது.

இதைப் படித்தபோதுதான் மகள் சொன்னதன் அர்த்தம் விளங்க ஆரம்பித்தது.

நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. படித்தவன் தப்புச் செய்ய மாட்டான், கல்வி வந்தால் பண்பு தானாக வரும் என்று நினைக்கிறோம். பிள்ளைகளிடமும் அதைச் சொல்லித்தான் வளர்க்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1933 மே 10 அன்று ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியது மாணவர் அமைப்பு. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே என்ற பகுதியில், யூதர்களை அடியோடு அழிக்கும் திட்டத்தை எப்படி ஒருங்கிணைப்பது என்று பேச 15 அதிகாரிகள் கூடினார்கள். அவர்களில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். பாதிக்கு மேல்! அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற அந்தக் கொடுமை எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் வேலையல்ல.

ருவாண்டாவிலும் இதே கதை. 1994 ஏப்ரல் 7 தொடங்கி சுமார் நூறு நாட்களில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அந்த நாட்டின் தேசியப் பல்கலைக்கழகம் இருந்த ஊர் புட்டாரே. இப்போது ஹுயே என்கிறார்கள். அங்கே விரிவுரையாளர்களும் மாணவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த படித்தவர்கள் சிலர் கொலையாளிகளுக்குத் துணை நின்றார்கள். இன்று அந்த வளாகத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் நாடே நினைவு அனுசரிக்கிறது. அதற்கு அவர்கள் மொழியில் 'குவிபுகா' என்று பெயர். நினைவுகூர்தல் என்பதே பொருள்.

இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவதோடு பல்கலைக்கழகத்தின் வேலை முடிந்துவிடவில்லை. இங்கே படித்தவர்களும் இதைச் செய்தார்கள் என்று ஒப்புக்கொள்வதும் அந்த நாளின் வேலைதான். மருத்துவமோ சட்டமோ பொறியியலோ படிக்கிற பிள்ளைக்கு, தன் கையில் இருக்கும் படிப்பு எதற்கெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்று தெரிய வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மியூனிக் பல்கலைக்கழக வாசலில் கற்கள் பதித்த தரையில் சில தாள்கள் சிதறிக் கிடப்பது போல் தெரியும். குனிந்து எடுக்கப் பார்த்தால் வராது. அவை தரையோடு பதிக்கப்பட்ட துண்டறிக்கைகள். 1943 பிப்ரவரி 18 அன்று ஹான்ஸ் ஷோல், சோபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து அச்சிட்ட துண்டறிக்கைகளை அந்தக் கட்டடத்துக்குள் போட்டார்கள். பல்கலைக்கழக ஊழியர் ஒருவரே அவர்களைப் பிடித்துக் கொடுத்தார். நான்கே நாட்களில், பிப்ரவரி 22 அன்று, நண்பர் கிறிஸ்டோப் ப்ரோப்ஸ்டோடு சேர்த்து அவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சோபிக்கு வயது 21.

அவர்களுடைய 'வெள்ளை ரோஜா' குழுவில் குர்ட் ஹூபர் என்ற பேராசிரியரும் இருந்தார். கைதானதும் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, முனைவர் பட்டத்தையும் பறித்துக்கொண்டது. அந்த ஜூலையில் அவரும் கொல்லப்பட்டார். இன்று பல்கலைக்கழகத்தின் முன்னே சாலைக்கு ஒருபுறம் ஷோல் சகோதரர்கள் சதுக்கம், எதிர்ப்புறம் பேராசிரியர் ஹூபர் சதுக்கம். அன்று கைவிட்ட அதே இடம் இன்று தினமும் மாணவர்களை அந்தப் பெயர்களைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வைக்கிறது. மகளின் வயதும் ஏறக்குறைய சோபியின் வயதுதான். 'பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு' என்று நான் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

நினைவு என்பது யாரும் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் இறந்த தமிழர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நினைவுத்தூண் இருந்தது. 2021 ஜனவரி 8 இரவு இயந்திரம் கொண்டு அதை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் அமர்ந்து உண்ணாநோன்பு இருந்தார்கள். உலகெங்கும் தமிழர்கள் குரல் கொடுத்தார்கள். ஜனவரி 11 காலையில் துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். சில மாதங்களில் தூண் மறுபடி எழுந்தது.

தூணை இடித்தாலும் கஞ்சியை இடிக்க முடியவில்லை. போரின் கடைசி நாட்களில் சிக்கியிருந்த மக்களை உயிரோடு வைத்திருந்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து குடிக்கிறார்கள். ஒரு கிண்ணம் கஞ்சி போதும் ஒரு நாளை நினைவில் வைக்க.

சரி, நம் சயாம் தாத்தாவுக்கு வருவோம்.

ஜப்பானியர் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அங்கே கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு அதைப்போலப் பல மடங்கு. ஆனால் எத்தனை பேர் என்று மதிப்பீடுதான் உண்டு, கணக்கு இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய வரிசை இல்லை. இதையும் யூதப் படுகொலையையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கொடுமைக்கும் அதனதன் காரணமும் கணக்கும் உண்டு. ஆனால் யாருடைய சாவைப் பதிவேட்டில் எழுதினார்கள், யாருடையதை எழுதவில்லை என்ற கேள்வி இருக்கிறதே, அது மார்ச் 21க்கு உரிய கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. சயாமுக்குப் போனவர் என் பாட்டியின் அண்ணன், அத்தைக்குத் தாய்மாமன். அத்தை அவரைப் பார்த்ததில்லை. கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெயரைச் சொன்னார்.

"அம்மா சாகற வரைக்கும் ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்குன்னு ஒரு இலை போடுவாங்க தம்பி. செத்த தேதி தெரியாதுல்ல. திதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதானே? அம்மா போனதுக்கு அப்புறம் யாரும் போடல. நீயும் கேக்கல."

நானும் கேட்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், மகள் கேட்டதால் கேட்டேன்.

நம் முன்னோர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். இறந்தவருக்குப் பெயர் வேண்டும், ஒரு நாள் வேண்டும், நாலு பேர் கூடி உட்கார வேண்டும். தேதி தெரியாவிட்டால் ஒரு பொது நாளை வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 27, மார்ச் 21, ஏப்ரல் 7, மே 18 எல்லாம் எனக்கு இப்போது அப்படித்தான் தெரிகின்றன. உலகம் தனக்கென்று வைத்துக்கொண்ட அமாவாசைகள்.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளைகள் இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால், என் மகளிடம் சொன்னதையே அவர்களுக்கும் சொல்கிறேன். நம் துயரத்தை மட்டும் பேசாதீர்கள். அடுத்தவர் பெயரையும் வாசியுங்கள். யாருடைய வலி பெரியது என்று போட்டி வைக்காதீர்கள். எண்ணிக்கையைச் சொல்லும்முன் சரிபாருங்கள். தவறான ஓர் எண் போதும், மறுப்பவனுக்கு. உங்கள் துறையின் பெயரால் என்ன நடந்தது என்று விரிவுரையாளரிடம் கேளுங்கள். படம் எடுப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று உண்டு. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சயாமில் நம் தாத்தாவின் பெயரை யாரும் எழுதவில்லை என்று வருத்தப்படுகிறேன். என் வீட்டுக்கு எதிரே ஓராண்டாக ஓர் அடுக்குமாடி எழும்புகிறது. அங்கே வேலை செய்கிறவர்களை நானும் அக்கம்பக்கத்தாரும் 'பங்ளா' என்றுதான் சொல்கிறோம். புலனத்தில் அவர்களைப் பற்றி வந்த கேலிப்படம் ஒன்றை நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். தினமும் காலையில் கையசைக்கும் அந்த இளைஞரின் பெயர் எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்காமல் இருப்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என் பெயரைக் கேட்டார்.

அன்று இரவு மகளுக்கு அழைத்துத் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். எழுத்துச் சரியா என்று கேட்டாள். நானும் வரட்டுமா என்றேன். "வாங்கப்பா, ஆனா நீங்களும் ஒரு பேரோட வரணும்" என்றாள்.

இந்த ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாகப் போடுவோம். உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், பெயர் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.