விரிவுரையாளரின் மனநிறைவு நம் கவலையும்தான்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தும் நாம், அந்தக் குரு தம் பணியில் மனநிறைவோடு இருக்கிறாரா என்று கேட்பது அரிது. “அரசாங்கப் பல்கலைக்கழக வேலை என்றால் கவலையில்லை, தனியார் என்றால் நிரந்தரமில்லை” என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. இதில் பாதிதான் உண்மை.

1996-ஆம் ஆண்டு தனியார் உயர்கல்விக்கூடச் சட்டத்திற்குப் பின் நம் நாட்டில் தனியார் பல்கலைக்கழகங்கள் பெருகின. அவை பெரும்பாலும் மாணவர் கட்டணத்தை நம்பியே இயங்குகின்றன. மாணவர் சேர்க்கை குறைந்தால் விரிவுரையாளரின் ஒப்பந்தமும் ஆட்டம் காணும். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர விரிவுரையாளருக்கோ தவணை விடுமுறையில் வருமானமே இல்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் வேலை உறுதி அதிகம். ஆனால், 2006-இல் மலாயாப் பல்கலைக்கழகம் உட்பட நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் ஆய்வுக் கட்டுரைகளும் ஆய்வு நிதியும் விரிவுரையாளரை எடைபோடும் அளவுகோல்களாக மேலும் வலுப்பெற்றன. நன்றாகக் கற்பிப்பவரைவிட நிறைய வெளியிடுபவரே விரைவில் உயர்கிறார் என்பதே என் கணிப்பு.

சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் குறைந்தால் அதிருப்தி பிறக்கும். அவை இருப்பதால் மட்டும் மனநிறைவு வந்துவிடாது. செய்யும் வேலையும் அதற்குக் கிடைக்கும் அங்கீகாரமுமே மனநிறைவைத் தரும் என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பர்க் 1959-இல் விளக்கினார். இக்கருத்தோடு ஒப்பிட்டால், தனியார் துறையில் முன்னது குறைகிறது. அரசாங்கத் துறையில் பின்னது குறைகிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம்மில் பலர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்கள். எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, முதுகலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்த எனக்கு, விரிவுரையாளர் ஒதுக்கிய அரைமணி நேரமே பெரிய துணை. அந்த அரைமணி நேரம் வகுப்பு நேரத்திலும் சேராது, ஆய்விலும் சேராது. மனநிறைவு இழந்தவர் முதலில் கைவிடுவது அதைத்தான். அந்த இழப்பு நம்முடையது.

எனவே, மாணவர்களுக்கு வழிகாட்டும் நேரத்தையும் பணிச்சுமையிலும் பதவி உயர்விலும் கணக்கிட வேண்டும். தனியார் கல்விக்கூடங்கள் பகுதிநேரத்தினருக்கு நிலையான ஒப்பந்தம் தர வேண்டும். நாமும் தவணை இறுதியில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தைக் கடமைக்கு நிரப்பாமல், நல்ல ஆசிரியரை நல்லவர் என்று எழுதுவோம். அங்கீகாரம் நம் கையிலிருந்தும் தொடங்கலாம்.