சக்கரத்தின் மேல் ஒரு வீடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் மாணவர்களின் விடைத்தாள்களோடு மல்லாடிக்கொண்டிருந்த வேளை, எமது வெள்ளவத்தை ஒழுங்கையிற் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் கையில் அளவுநாடாவுடன் வந்து சேர்ந்தார்.

“மாஸ்டர், ஒழுங்கையை அளந்து பார்த்தேன். ஒன்பதடி இருக்கிறது. ஏழடி அகல வண்டி உள்ளே வரும்தானே?” என்றார்.

விஷயம் இதுதான். பெரியவர் அண்மையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மெல்பேணில் இருக்கும் மகன் அங்குள்ளவர்கள் விடுமுறைக்குக் கொண்டு செல்லும் வீட்டு வண்டிகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். படுக்கை, அடுப்பு, கழிவறை யாவும் உள்ளேயே! அத்தகைய வண்டியொன்றை வாங்கி, முழங்கால் வருத்தமுள்ள மனைவியாரைக் கதிர்காமம், திருக்கேதீஸ்வரம், திருக்கோணேஸ்வரம் எங்கும் அழைத்துச் செல்லவேண்டும் என்பது பெரியவரின் ஆசை.

நல்ல ஆசைதான். எம் முன்னோரும் கூடார வண்டிலில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, கட்டுச்சோற்றுடன் கோயில் திருவிழாக்களுக்குச் சென்றவர்கள்தாமே. ஆனால் ஆயுட்காலச் சேமிப்பை ஒரு வண்டியில் முடக்குமுன், எது எத்தகைய வண்டி என்று அறிந்துகொள்வது நலம். வாசகர்களுட் பலருக்கும் இவ்வாசை இருக்கக்கூடுமாதலின், பெரியவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகின்றோம்.

வீட்டு வண்டிகள் இரு பெருங்குலத்தின. ஒன்று, தானே ஓடுவது. மற்றது, பிறிதொன்றால் இழுக்கப்படுவது.

இழுக்கப்படுவதையே பிரித்தானியரும் அவுஸ்திரேலியரும் ‘கரவன்’ என்பர். இதற்கு எஞ்சின் இல்லை. சேருமிடத்தில் இதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் இழுக்கும் வாகனத்திற்குப் போதிய வலு வேண்டும். சுமையை அச்சுக்கு அருகிலும் சற்று முன்பக்கமாகவும் வைத்தல் வேண்டும். பின்பக்கத்திற் பாரம் ஏற்றினால், வேகமாகச் செல்லுகையில் வண்டி பாம்புபோல் நெளிந்து இழுக்கும் வாகனத்தையும் கவிழ்த்துவிடும். பின்னோக்கிச் செலுத்துவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். இதே குலத்தில், துணிச் சுவர்களை மடக்கி வைக்கும் கூடார வண்டியும் உண்டு. பாரம் குறைவு, விலையும் குறைவு. எம் நாட்டு மாரிமழைக்கோ ஏற்றதன்று.

தானே ஓடும் மோட்டார் வீடுகளை அமெரிக்கர் ஏ, பி, சி என மூன்றாக வகுப்பர். எழுத்து வரிசையைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பவர் ஏமாந்துபோவர். ஏ என்பது பஸ் போன்ற பெரியது. பி என்பதே மூன்றிலும் சிறியது. சாதாரண வானின் உட்புறத்தை மாற்றி அமைத்தது. சி இரண்டுக்கும் இடைப்பட்டது. லொறியின் அடிச்சட்டத்தின்மேல் வீட்டைக் கட்டி, சாரதியின் தலைக்குமேல் ஒரு படுக்கையும் வைத்திருப்பர். 1950 இல் வெளிவந்த வொக்ஸ்வாகன் வானைப் படுக்கை வண்டியாக மாற்றிப் பலர் உலகஞ் சுற்றியமையால், பி வகைக்கு உலகெங்கும் பெயர் உண்டாயிற்று.

எம் ஒழுங்கைகளுக்குள் நுழையக்கூடியது இந்த பி வகை ஒன்றே. வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், இரு புறமும் வாகனங்கள் நிற்கும் தெருவில் ஏழடி வண்டியைத் திருப்புவதற்குச் சாரதி மட்டும் போதாது. தெய்வமும் துணை நிற்கவேண்டும்.

“அப்படியானால் பழைய வான் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்கிறேன்” என்றார் பெரியவர். மாற்றலாம்; ஆயினும் சிலவற்றைக் கணக்கிடவேண்டும்.

முதலாவது, பாரம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ நிறையுடையது. எட்டுப்பேர் ஆளுக்கு 60 கிலோ வீதம் 480 கிலோ. தண்ணீர் 100 லீற்றர். கட்டில், அடுப்பு, பாத்திரம், பெட்டிகள் 150 கிலோ என்றாலும் மொத்தம் 730 கிலோ. வண்டி தாங்கும் பாரத்தையும் அனுமதிக்கப்பட்ட ஆட்தொகையையும் பதிவுப் புத்தகத்திற் பார்க்கவேண்டும். உடற்பகுதியை மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெறவேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தல் வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்த நாளில்தான் உண்மை விளங்கும்.

இரண்டாவது, மின்சாரம். 12 வோல்ட், 100 அம்பியர்-மணிப் பற்றரியொன்றில் 1,200 வாட்-மணி உண்டு. ஈயப் பற்றரியாயின் அதிற் பாதியையே பழுதின்றிப் பயன்படுத்தலாம். அந்த 600 வாட்-மணியில் 40 வாட் மின்விசிறி பதினைந்து மணிநேரம் சுழலும். 1,000 வாட் குளிரூட்டியோ ஒரு மணி நேரங்கூட ஓடாது.

மூன்றாவதை வாசகர்கள் மறவாதிருத்தல் வேண்டும். குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட்டு, மூடிய வண்டிக்குள் உறங்குதல் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். சமையல் எரிவாயுவோ காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையிற் படியும். ஆகவே மேல் யன்னல் மட்டும் போதாது, தரையோடும் காற்றுத் துவாரம் வேண்டும்.

நான்காவது, துரு. கடற்காற்று வீசும் எம் பகுதியில் வைத்திருந்த வானை வாங்குபவர், பளபளக்கும் வர்ணத்தைப் பார்த்து மயங்காது, நம்பிக்கையான மெக்கானிக்கைக்கொண்டு அடிச்சட்டத்தைப் பரிசோதித்தல் வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய வான்கள் புதியவற்றின் விலையைப் பேசக் கற்றுக்கொண்டன. 2022 இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எனவே வண்டி ஓடும் நாட்களையன்றி, அது நிற்கும் நாட்களையும் எண்ணவேண்டும். வருடத்தில் 20 நாள் ஓடும் வண்டி 345 நாள் நிற்கிறது. நின்றாலும் வரி உண்டு, காப்புறுதி உண்டு, பற்றரி இறங்கும், டயர் வெடிக்கும்.

இரவில் எங்கே நிறுத்துவது என்பதும் கேள்வி. மேல்நாடுகளில் இதற்கென்றே தண்ணீரும் மின்சாரமும் கழிவகற்றும் வசதியும் உள்ள தரிப்பிடங்கள் உண்டு. இங்கோ கோயில் மடத்து முற்றத்தையோ தெரிந்தவர் வளவையோ நாடவேண்டும். புத்தல வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதையில் நிறுத்திப் படுத்தாலோ, யானையார் வந்து விசாரிப்பார்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, “கோயில்களுக்கு வேறு வழியுண்டு, மாஸ்டர். உண்மையான காரணம் வேறு” என்றார்.

அவர்களுடைய ஊர் வலிகாமம் வடக்கு. 1990 இல் உடுத்த உடையுடன் வெளியேறிய குடும்பம். போருக்குப் பின்னர் அப்பகுதிக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, இவர்களுடையதும் திரும்பக் கிடைத்தது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. கிணறும் இரண்டு பனைகளும் மாத்திரம் நின்றன. மனைவியார் கிணற்றுக்கட்டில் அமர்ந்து மாலைவரை எழும்பவில்லையாம். இரவு உறவினர் வீட்டிற் படுத்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினார்கள். “ஒரு நாளாவது எங்கள் வளவில் படுத்தெழும்பவேண்டும்” என்பதே அந்த அம்மாவின் வேண்டுதல். அதற்காகத்தான் பெரியவர் சக்கரம் பூட்டிய வீட்டைத் தேடியிருக்கிறார்.

விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு இருவருமாகக் கணக்கெழுதினோம். சுமார் 400 கிலோமீற்றர் தூரத்துக்கு வருடத்தில் நான்கு முறை போய்வருவதற்கு வாடகை வான் போதும். பின்னிருக்கையைச் சாய்த்து, காலுக்கு ஒரு பலகையும் மெத்தையும் வைத்து, இரண்டு மணிநேரத்துக்கொருமுறை நிறுத்தி நடக்கவைத்தால் முழங்காலும் தாங்கும். வண்டிக்கென வைத்த பணத்தில் ஒரு பகுதிகொண்டு கிணற்றடியில் ஓர் அறையும், விறாந்தையும், இருந்து பயன்படுத்தக்கூடிய கழிவறையும் கட்டலாம். மிகுதி வங்கியிலேயே இருக்கட்டும்.

மாலையில் அந்த அம்மாவே எம் வீட்டு வாசலுக்கு வந்தார். “மாஸ்டர், இவர் சொன்னார். இத்தனை வருடமாக ஓடிக்கொண்டுதானே இருந்தோம். இனி எனக்கு ஓடாத வீடு ஒன்று போதும்” என்றார்.

வண்டி வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் கூறுவதும் இதுவே. வகைகளை அறியுங்கள், பாரத்தைக் கணக்கிடுங்கள், அடிச்சட்டத்தைப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னர், வீட்டிலுள்ளவர்கள் எங்கே போய்ச்சேர விரும்புகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பெரியவரின் அளவுநாடா இன்னும் எமது மேசைமேல் இருக்கிறது. அத்திவாரம் வெட்டும்போது வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.