கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், லண்டன் வக்கீல் என்று சொல்லிக்கொண்டவனின் மின்னஞ்சலை நம்பி நான்கு லட்சத்துக்கு மேல் பறிகொடுத்திருக்கிறார். அவர் அப்பா பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர் வாரிசில்லாமல் இறந்துவிட்டாராம். பணம் கோடிக்கணக்கில் வங்கியில் கிடக்கிறதாம். நம் ஊரில் இனிஷியல் குடும்பப் பெயராகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால், 60களில் மலேசியா போய்த் தொடர்பே அற்றுப்போன அண்ணன் அவருக்கு உண்டு. பேராசைக்காரர் என்று தெருவில் பேசுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

பத்திரச் செலவு, வரி, 'தீவிரவாதத் தொடர்பில்லை' என்ற சான்றிதழ் என்று ஐந்து தடவை கேட்டார்கள். கடைசியில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதமும் வந்தது. ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் கணக்கு வைப்பதில்லை. நம் நாட்டில் வாரிசுச் சொத்து வரி 1985-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

பணம் லண்டனுக்குப் போகவில்லை. ஐந்து முறையும் நம் நாட்டு வங்கிக் கணக்குகளுக்கே, ஐந்து வெவ்வேறு பெயர்களுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் கிளைக்கு நேரில் போய்ப் படிவம் நிரப்பித்தான் அனுப்பினார். "யாருக்கு ஐயா இது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கே.ஒய்.சி. தரத் தாமதமானால் எங்கள் கணக்கை முடக்கத் தெரிகிறது. திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கியை யார் கேட்பது?

உண்மையில், பத்தாண்டு யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் உண்மையான வாரிசு அந்தந்த வங்கியிலேயே கேட்டுப் பெறலாம். பெயரைப் போட்டுத் தேட 'உத்கம்' என்ற இணையதளம் 2023 முதல் இருக்கிறது. எங்கள் கிளைச் சுவரில் இதைப் பற்றித் தமிழில் ஒரு வரி கிடையாது. வாரிசைத் தேடி மோசடிக்காரன் வருகிறான், வங்கி வருவதில்லை.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. தமிழாசிரியர் வெட்கப்பட்டு இரண்டு மாதம் மறைத்துவிட்டார்.

'வாரிசுப் பணத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்' என்ற அறிவிப்பையும் இந்த எண்ணையும் ஒவ்வொரு கவுண்டரிலும் தமிழில் ஒட்ட வேண்டும். முதியவர் புதுப்புதுப் பெயர்களுக்குப் பணம் அனுப்பினால், ஊழியர் நிறுத்தி விசாரிக்க வேண்டும். மாவட்ட முன்னோடி வங்கி இதற்கு உடனே ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்