வாடகை வீடும் குறியீட்டு நிதியும்

பணி ஓய்வு பெற்றோர் கையிலுள்ள பொருள் முழுவதையும் கொண்டு வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குதல் நம் நாட்டிற் பெருவழக்கு. கண்ணால் காணும் செல்வத்தின்மீது மக்களுக்குள்ள பற்று அத்தகையது. அதனைப் பழித்தல் தகாது. ஆயினும், முதல் முழுவதும் ஒரே தெருவில் நிற்றல் நன்றோ? 2015 திசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சென்னையில் எத்தனை வீடுகள் நீரில் மூழ்கின! வரியும் பழுதுபார்க்குஞ் செலவும் ஓயா. குடியிருப்போர் நீங்கின் வாடகை நிற்கும். மகளின் படிப்புக்குப் பொருள் வேண்டின், ஓர் அறையை மட்டும் விற்றல் இயலுமோ?

சென்செக்சைப் பின்பற்றும் குறியீட்டு நிதியோ, அதிலடங்கிய 30 நிறுவனங்களின் பங்குகளையும் அவற்றின் சந்தை மதிப்புக்கேற்ப வாங்கி வைப்பது. ஒன்று தாழினும் பிற தாங்கும். வேண்டிய அளவே விற்கலாம். நிருவாகச் செலவும் சிறிது. ஆதலின் இதுவே மேலானது எனத் துணியலாம். எனினும், இதற்கு நெஞ்சுரம் வேண்டும். வீட்டின் விலையை நாள்தோறும் எவரும் வந்து உரைப்பதில்லை. பங்கின் விலையோ நொடிதோறும் மாறித் தோன்றும். எல்லாம் ஒருங்கே வீழுங் காலமும் உண்டு. 2008 சனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்சு, அக்டோபரில் 8,000க்குங் கீழ் இறங்கிற்று. அஞ்சி விற்றோர் இழந்தனர். பொறுத்தோர் 2010 நவம்பரிற் பழைய அளவை மீண்டும் கண்டனர். இடையில் மருத்துவச் செலவுக்கென விற்க நேர்ந்தோர்க்கோ, பொறுத்தற்கு வழியில்லை.