பூஜ்யத்தில் குடியிருப்பது யார்?

எல்.இ.டி. எரிகிறது, ஆனால் சிமிட்டவில்லை. மேஜைமேல் கிடக்கும் எஸ்.டி.எம்.32 எஃப்0 போர்டுக்கு அந்த இளம் பொறியாளர் மூன்றாவது முறையாக பவரை நிறுத்திப் போடுகிறார். அதேதான். நேற்றுவரை இந்த புரோகிராம் ஒழுங்காக ஓடியது. இன்று அவர் செய்ததெல்லாம், ஃப்ளாஷின் முதல் 8 கேபியில் ஒரு பூட்லோடரை ஏற்றி, புரோகிராமை அதற்குப் பின்னால் தள்ளி வைத்ததுதான்.

இந்த இடத்தில் கோடை வரிவரியாகத் தோண்டி அரை நாளைத் தொலைப்பவர்கள் ஏராளம். கோளாறு கோடில் இல்லை, முகவரியில் இருக்கிறது.

இந்தச் சிப்பில் ஃப்ளாஷின் சொந்த முகவரி ஹெக்ஸில் 08000000. ஃப்ளாஷிலிருந்து பூட் ஆகும்போது அதே ஃப்ளாஷ் பூஜ்யத்திலும் தெரியும். உள்ளே இருக்கும் கார்டெக்ஸ்-எம்0, இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்று கேட்டுப் பார்க்கும் வெக்டர் டேபிள் எப்போதும் பூஜ்யத்தில்தான். கார்டெக்ஸ்-எம்3 என்றால் வி.டி.ஓ.ஆர். என்ற ரெஜிஸ்டரில் புது முகவரியை எழுதினால் போதும். எம்0-வில் அந்த ரெஜிஸ்டரே கிடையாது.

ஆகவே பூட்லோடர் தாவியதும் புரோகிராம் தொடங்குகிறது, விளக்கும் எரிகிறது. அடுத்த மில்லிவிநாடியில் சிஸ்டிக் இன்டரப்ட் வந்து, பூட்லோடரின் ஹேண்ட்லருக்குப் போய்விடுகிறது. அது தன் டிக் எண்ணிக்கையை ரேமில் தனக்குத் தெரிந்த இடத்தில் ஏற்றுகிறது. அந்த இடத்தில் இப்போது இருப்பது புது புரோகிராமின் வேறொரு வேரியபிள்! யாரும் தொடாமலே அது விநாடிக்கு ஆயிரம் ஏற, புரோகிராமின் டிலே ஃபங்ஷனோ வராத டிக்குக்காகக் காத்துக்கிடக்கிறது.

டீபக்கரில் சிப்பை நிறுத்தி, பூஜ்யத்திலிருந்து இரண்டாவது வேர்டைப் படித்தால் குட்டு உடைந்துவிடும். அது 08000-இல் தொடங்கினால் அங்கே இருப்பது பூட்லோடர், 08002-இல் தொடங்கினால் புரோகிராம். முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பழைய ஏ.ஆர்.எம்.7 சிப்களில் விவகாரம் இன்னும் கடுமை. அட்மெலின் ஏ.டி.91 வரிசையில் ரீசெட்டின்போது பூஜ்யத்தில் தெரியும் ஃப்ளாஷ், ரீமேப் கட்டளை கொடுத்ததும் விலகி, அங்கே உள் ரேம் வந்துவிடும். கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடி மண் உருவப்படுகிறது. அதனால் போகவேண்டிய முகவரியை முன்கூட்டியே ஒரு ரெஜிஸ்டரில் ஏற்றிவைத்து, ரீமேப்புக்கு அடுத்த கட்டளையிலேயே தாவிவிடுவார்கள். அந்தக் கட்டளை ஏற்கெனவே பைப்லைனுக்குள் வந்துவிட்டதால் தப்பிக்கிறது. எத்தனை அழகான வேலை!

எஃப்0-வுக்கு வழி வேறு. இன்டரப்ட்டை அடைத்துவிட்டு, 48 வேர்டு கொண்ட வெக்டர் டேபிளை ரேமின் தொடக்கத்துக்குக் காப்பி செய்து, சிஸ்கான்ஃபிக் பகுதியின் மெம்மோட் பிட்களில் 3 எழுதினால், பூஜ்யத்தில் ரேம் தெரியும். அதற்குமுன் சிஸ்கான்ஃபிக்குக்கு க்ளாக் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்காவிட்டால் எழுதியது சத்தமில்லாமல் காற்றில் போகும்.

பொறியாளர் க்ளாக்கை மறக்கவில்லை. அவர் மறந்தது லிங்கர் ஸ்கிரிப்ட்டை. ரேமின் முதல் 192 பைட்டை ஒதுக்காததால், வேரியபிள்களும் வெக்டர்களும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. ரேமின் தொடக்கத்தை 192 தள்ளி, அளவிலும் அதே 192-ஐக் குறைத்து, டீபக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு பவரைப் போட்டார். விளக்கு சிமிட்டியது.