பதவி விலகலோடு முடிந்துவிடுகிறதா பொறுப்பு? அமைச்சர்கள் மீதான புகார்களும் மக்களின் எதிர்வினையும்

புது தில்லி: பாலியல் புகாரிலோ ஒழுக்கக்கேட்டுப் புகாரிலோ சிக்கிய அமைச்சர் ஒருவர் பதவி விலகும்போது, நாட்டில் ஏறத்தாழ ஒரே காட்சி அரங்கேறுகிறது. எதிர்க்கட்சிகள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுகின்றன. ஆளும் தரப்பு அதைத் தார்மிகப் பொறுப்பு என்கிறது. தொலைக்காட்சி விவாதங்கள் இரண்டு நாள் நீடிக்கின்றன. பிறகு அடுத்த செய்தி வந்துவிடுகிறது. புகாரில் உண்மை உண்டா என்ற கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது.

இந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டியது, மத்திய வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பரின் பதவி விலகல்.

பத்து நாள்களில் நிகழ்ந்தது

2018 அக்டோபர் 8 அன்று பத்திரிகையாளர் பிரியா ரமணி, ஓராண்டுக்கு முன் பெயர் குறிப்பிடாமல் தாம் எழுதிய கட்டுரை அக்பரைப் பற்றியது எனச் சமூக ஊடகத்தில் தெரிவித்தார். 1993-இல் வேலைக்கான நேர்காணலுக்காக மும்பை விடுதி ஒன்றுக்குச் சென்றபோது நேர்ந்ததாக அவர் கூறிய சம்பவம் அது. அடுத்தடுத்த நாள்களில், அக்பர் ஆசிரியராக இருந்த காலத்தில் அவரிடம் பணியாற்றிய பெண்கள் பலரும் தத்தம் அனுபவங்களைப் பகிர்ந்தனர்.

அப்போது அக்பர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். அக்டோபர் 14 அன்று நாடு திரும்பியதும், எல்லாப் புகார்களையும் மறுத்தார். மறுநாள் ரமணி மீது குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் வக்காலத்தில் 97 வழக்கறிஞர்களின் பெயர்கள் இருந்த செய்தி வெளியானபோது பொதுமக்களின் கோபம் அதிகரித்தது. நீதிமன்றத்தில் வாதாடப்போவது சிலரே என விளக்கம் தரப்பட்டது. ஆனாலும், தனி ஒரு பெண்ணுக்கு எதிராக அதிகாரத்தின் முழு வலிமையும் திரள்கிறது என்ற எண்ணம் அதற்குள் பரவிவிட்டது. அவருடன் முன்பு பணியாற்றிய சுமார் 20 பெண் பத்திரிகையாளர்கள், ரமணிக்கு ஆதரவாகச் சாட்சியம் அளிக்கத் தயார் எனக் கூட்டறிக்கை வெளியிட்டனர்.

அக்டோபர் 17 அன்று அக்பர் பதவி விலகினார். பொய்யான புகார்களைத் தனிப்பட்ட முறையில் நீதிமன்றத்தில் எதிர்கொள்ளவே விலகுவதாக அவர் தெரிவித்தார்.

இரண்டு விதமான எதிர்வினை

பதவி விலகலை வரவேற்றவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு கதவு திறந்ததாகக் கண்டனர். சொன்னால் யார் நம்புவார்கள் என்று பல்லாண்டுகள் மௌனமாக இருந்த பெண்களுக்கு, மத்திய அமைச்சர் ஒருவரே விலக நேர்ந்தது துணிவளித்தது.

மறுதரப்பில் இரண்டு கேள்விகள் எழுந்தன. இத்தனை ஆண்டுகள் ஏன் பேசவில்லை என்பது ஒன்று. விசாரணை எதுவும் இன்றி ஒருவரைக் குற்றவாளியாக்கலாமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு வரலாறே விடை தருகிறது. 1993-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்துப் புகார் அளிக்க நாட்டில் தனி அமைப்பே கிடையாது. உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது 1997-இல்தான். அதற்குரிய சட்டம் வர மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013-இல் வந்த அந்தச் சட்டத்தின்படியும், சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம். பழைய சம்பவங்களைச் சொல்ல முன்வந்தவர்களுக்குப் பொதுவெளியைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

2021 பிப்ரவரி 17 அன்று ரமணியை விடுவித்த தில்லி நீதிமன்றமும் இதையே கருத்தில் கொண்டது. பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும், தாம் விரும்பும் எந்த மேடையிலும் தம் குறையை எடுத்துரைக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அது கூறியது. ஒருவரின் நற்பெயருக்கான உரிமையை, ஒரு பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுத்துப் பாதுகாக்க இயலாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அதை எதிர்த்து அக்பர் செய்த மேல்முறையீட்டை 2022 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

இரண்டாவது கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கேரளத்தில் நடந்தது அதற்குச் சான்று.

கேரளம் தந்த எச்சரிக்கை

2017 மார்ச் 26 அன்று கேரளப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஏ.கே. சசீந்திரன் பதவி விலகினார். புதிதாகத் தொடங்கப்பட்ட மலையாளத் தொலைக்காட்சி ஒன்று, உதவி கேட்டு வந்த பெண்ணிடம் அவர் தகாத முறையில் பேசியதாக ஓர் ஒலிப்பதிவை ஒளிபரப்பிய சில மணி நேரத்தில் அது நிகழ்ந்தது. சில நாள்களில் அதே நிறுவனம், அது தங்கள் பெண் பத்திரிகையாளரைக் கொண்டு திட்டமிட்டு எடுக்கப்பட்ட பதிவு என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெண் பத்திரிகையாளர்கள் உள்ளிட்ட பலர் அந்நிறுவனத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 2018 பிப்ரவரி 1 அன்று சசீந்திரன் மீண்டும் அமைச்சரானார்.

அவர் திரும்பியதை ஏற்காதவர்களும் இருந்தனர். எனினும் அங்கே ஆணையம் விசாரித்தது. நீதிமன்றம் வழக்கைக் கேட்டது. அதன் பிறகே பதவி மீண்டும் கிடைத்தது. விலகலுக்கும் மீள்வருகைக்கும் நடுவே, குறைகள் இருந்தாலும், ஒரு நடைமுறை இருந்தது.

மறதியின் வழியே மீள்வருகை

கர்நாடகத்தில் கதை வேறு. 2012 பிப்ரவரியில் சட்டப்பேரவைக் கூட்டத்தின்போது கைப்பேசியில் ஆபாசக் காட்சிகளைப் பார்த்ததாகத் தொலைக்காட்சிகளில் படம் வெளியானதை அடுத்து, லட்சுமண் சவதி, சி.சி. பாட்டீல், கிருஷ்ண பாலேமார் ஆகிய மூன்று அமைச்சர்கள் பதவி விலகினர். அவர்களில் பாட்டீல் வகித்தது மகளிர் மற்றும் குழந்தைகள் நலத்துறை. நாடே அதிர்ந்தது, நகைத்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில் சவதி துணை முதலமைச்சரானார். அப்போது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். 2018 தேர்தலில் தோற்றிருந்தார். பாட்டீலும் அதே அமைச்சரவையில் இடம்பெற்றார். 2023-இல் வேறு கட்சிக்கு மாறிய சவதியை அத்தணி தொகுதி மக்கள் மீண்டும் வெற்றிபெறச் செய்தனர்.

வாக்காளர் மன்னித்துவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். சாதி, கட்சி, தொகுதிப் பணி எனப் பல கணக்குகளில் இது பின்னுக்குப் போய்விட்டது என்றும் கொள்ளலாம். ஆனால் வாக்குச்சீட்டு விசாரணை அறிக்கை அன்று. என்ன நடந்தது என்ற கேள்விக்குத் தேர்தல் முடிவு விடையாகாது.

எங்கே இருக்கிறது குறை

குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் விருப்பம் உள்ளவரை அமைச்சர் பதவியில் நீடிக்கிறார் என்கிறது அரசியல் சாசனம். நடைமுறையில் அது பிரதமர் அல்லது முதலமைச்சரின் முடிவு. எனவே பதவி விலகல் என்பது அரசியல் முடிவு மட்டுமே. விலகினால் விசாரணை தொடரும் என்றோ, விசாரணை முடியாமல் திரும்பக் கூடாது என்றோ எந்த விதியும் இல்லை. அக்பர் விவகாரத்துக்குப் பின் 2018 அக்டோபரில் மத்திய அரசு அமைத்த அமைச்சர்கள் குழுவின் பணியும் பணியிடச் சட்டங்களை ஆராய்வதே. தனிப்பட்ட புகார்களை விசாரிப்பது அன்று.

இதன் விளைவு இரு தரப்பையும் பாதிக்கிறது. தாம் சொன்னது உண்மை என நிறுவ ரமணி குற்றவாளிக் கூண்டில் நின்று இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாதாட வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பும் அவர் அவதூறு செய்யவில்லை என்று சொன்னதே தவிர, அக்பருக்குத் தண்டனை வழங்கியது அன்று. அக்பர் தரப்பில் பார்த்தாலும், அவருடைய மறுப்பைத் தனியாக விசாரித்து முடிவு சொன்ன அமைப்பு எதுவும் இல்லை. பதவி விலகிய பிறகும் அவர் 2022 வரை மாநிலங்களவை உறுப்பினராக நீடித்தார். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடவடிக்கைக்குப் பின் ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பப்பட்ட குழுவில் அவர் பெயர் இடம்பெற்றபோது, 2018-இன் கேள்விகள் அப்படியே மீண்டும் எழுந்தன. ஏழு ஆண்டுகளில் அவற்றுக்கு விடை காண யாரும் பொறுப்பேற்கவில்லை.

பதவி விலகலை மக்கள் கொண்டாடுவதில் தவறில்லை. அதிகாரத்தில் இருப்பவரை அசைக்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோரிக்கை அத்துடன் நின்றுவிடும்போது, புகார் கூறியவருக்கு நீதியும், புகாருக்கு உள்ளானவருக்குத் தெளிவும் கிடைப்பதில்லை. காலம் கடத்தத் தெரிந்த கட்சிகளே பயன் பெறுகின்றன. ஓர் அமைச்சர் விலகும் நாளிலேயே, யார் விசாரிப்பார், எத்தனை நாளில் முடிப்பார், அறிக்கை வெளியிடப்படுமா என்ற மூன்று கேள்விகளையும் பொதுமக்கள் கேட்கப் பழகினால், அடுத்த பதவி விலகலுக்குச் சற்றேனும் பொருள் இருக்கும்.